ஐ.இ.பி. கூட்டத்துக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் தனித் திட்டம்தான் ஐ.இ.பி. அதற்கான கூட்டத்துக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்கும் முதல் கேள்வி, “லாயர் வைக்கணுமா?” என்பதுதான். பதில்களும் உடனே வந்து விழும். “டீச்சருங்க பார்த்துப்பாங்க, நீங்க சும்மா போய் உட்காருங்க” என்பார் ஒருவர். “டிஸ்ட்ரிக்ட் காசை மிச்சம் பிடிக்கத்தான் பார்க்கும், லாயர் இல்லாம உள்ளயே போகாதீங்க” என்பார் இன்னொருவர். (டிஸ்ட்ரிக்ட் என்பது அந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்.) இருவரும் அவரவர் பட்டதைச் சொல்கிறார்கள். ஆனால் தனியாகப் போவதற்கும் லாயரோடு போவதற்கும் நடுவில் இன்னும் மூன்று வழிகள் உண்டு. விவரம் தெரிந்த இன்னொரு பெற்றோரைக் கூட்டிப் போகலாம். அரசு நிதியில் இயங்கும் பெற்றோர் மையத்தின் இலவச உதவியைக் கேட்கலாம். கட்டணம் வாங்கும், ஆனால் வக்கீல் அல்லாத, அட்வகேட் ஒருவரை அமர்த்தலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கோபத்தில் இருக்கிறோம் என்பதை வைத்து ஆள் தேடக் கூடாது. தகராறு எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். பள்ளி எழுதிக் கொடுத்ததைச் செய்யவில்லையா? எழுதியதே போதவில்லையா? அல்லது குழந்தை எந்தப் பள்ளியில் படிப்பது என்பதிலேயே இழுபறியா? மூன்றுக்கும் ஆள் வேறு, செலவும் வேறு.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். 1975இல் இயற்றப்பட்டு 1990இல் ‘ஐடியா’ (குறைபாடு உள்ளவர்களுக்கான கல்விச் சட்டம்) என்று பெயர் மாறிய கூட்டாட்சிச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 3 வயதிலிருந்து 21 வரை, சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்குப் பொருத்தமான கல்வியை அரசுப் பள்ளி இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அது. மிகச் சிறந்த கல்வி தரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் கூட்டத்தில் “என் பிள்ளைக்கு பெஸ்ட் புரோகிராம் வேண்டும்” என்று கேட்பவருக்குக் கையில் சட்டம் இல்லை. 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு விஷயம்: பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி ஐ.இ.பி. அமைய வேண்டும். கேட்க வேண்டியது அதைத்தான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதெல்லாம் கேட்டால் ஏதாவது வம்பு வருமோ என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிக் குழந்தைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சிறப்புக் கல்வியும் அந்தக் கல்வியின் ஒரு பகுதிதான்.

நாள் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில், மதிப்பீடு செய்யுங்கள் என்று எழுத்தில் கேட்டால் 20 நாளுக்குள் முதல் கூட்டத்தை நடத்த வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் இதில் சேராது, கோடை விடுமுறை மட்டும் சேரும். நீங்கள் மதிப்பீட்டுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு, தகுதி முடிவு, ஐ.இ.பி. எல்லாம் முடிந்து சேவை தொடங்கியிருக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைகள் தகுதிக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே உங்கள் கைக்கு வரவேண்டும். வாசலில் டீச்சரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு இந்தக் கடிகாரம் எதுவும் ஓடாது. தேதி போட்ட மின்னஞ்சலுக்குத்தான் ஓடும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். மேசைக்கு அந்தப் பக்கம் உங்கள் பிள்ளையின் விவரங்களைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர், பள்ளி உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆலோசகர், சில சமயம் சமூகப் பணியாளர், வகுப்பு ஆசிரியர், சிறப்பு ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட். இந்தப் பக்கம் நீங்கள் இருவர், பல வீடுகளில் ஒருவர்தான். குழந்தையைப் பற்றித் தெரிந்தவர் அல்லது துறை அறிவு உள்ளவர் யாரை வேண்டுமானாலும் அழைத்து வர உங்களுக்கு உரிமை உண்டு. அவருக்கு அந்த அறிவு இருக்கிறதா என்று முடிவுசெய்வது அழைத்தவர்தான், டிஸ்ட்ரிக்ட் அல்ல.

தனியாகப் போவதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதல் அறிமுகக் கூட்டம், குழந்தை நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கும்போது வரும் ஆண்டுக் கூட்டம் ஆகியவற்றுக்கு வேறு யாரும் தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம். வெளியாள் இல்லாதபோது ஆசிரியர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். “மதியத்துக்கு மேல் அவனுக்கு எதுவும் ஏறுவதில்லை” என்பது போன்ற, அறிக்கையில் எங்கும் இல்லாத தகவல்கள் அப்போதுதான் வெளியே வரும்.

தனியாகப் போனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐ.இ.பி. இருபது முப்பது பக்கம் இருந்தாலும் உயிர் இரண்டே இடத்தில் இருக்கிறது: இலக்குகளிலும் சேவை அட்டவணையிலும். “சமூகத் திறன்கள் மேம்படும்” என்று ஓர் இலக்கு எழுதியிருந்தால், அது நிறைவேறியதா இல்லையா என்று அடுத்த வருடம் யாராலும் சொல்ல முடியாது. “இடைவேளையில் பெரியவர் தூண்டாமலே சக மாணவரிடம் ஒரு கேள்வி கேட்பான், ஐந்து வாய்ப்புகளில் நான்கில்” என்று இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். சேவை அட்டவணையில் ஸ்பீச் தெரபி வாரம் 2 முறை, 30 நிமிடம் என்று இருக்கும். பக்கத்திலேயே தனியாகவா குழுவிலா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஐந்து பிள்ளைகள் சேர்ந்த குழுவில் 30 நிமிடம் என்றால் உங்கள் பிள்ளை வாய் திறப்பது எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் ‘எத்தனை முறை’ என்பதில் சண்டை போட்டுவிட்டு அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தனியாகப் போவதில் இன்னொரு ஆபத்து நம் சுபாவம். பெரியவர்கள், படித்தவர்கள், டீச்சர்கள் சொல்லும்போது தலையாட்டிப் பழகியவர்கள் நாம். இங்கே மௌனம் சம்மதம் என்பது கிட்டத்தட்ட சட்டமே. நியூ ஜெர்சியில் முதல் ஐ.இ.பி. மட்டும்தான் உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் நடைமுறைக்கு வராது. அதற்கடுத்த வருடங்களில், டிஸ்ட்ரிக்ட் ஒரு மாற்றத்தைத் தெரிவித்து 15 நாளுக்குள் நீங்கள் மத்தியஸ்தமோ டியூ பிராசஸ் எனும், வழக்கு போன்ற முறையான விசாரணையோ கேட்காவிட்டால், அது தானாக அமலுக்கு வந்துவிடும். கேட்டுவிட்டால் தகராறு தீரும்வரை பழைய ஐ.இ.பி.யே தொடரும், ‘ஸ்டே புட்’ என்பது இதைத்தான். கூட்டத்திலேயே கையெழுத்துக் கேட்டால், வருகைப் பதிவுக்கு மட்டும் போட்டுவிட்டு, “வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறோம்” என்று எழுந்து வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் நடப்பதுதான்.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெற்றோருக்குப் புரியும்படி கூட்டம் நடத்துவது டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு, செலவும் அவர்களுடையது. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கும் அப்பாகூட ‘பிராசஸிங் ஸ்பீட்’, ‘பிராக்மாடிக் லாங்குவேஜ்’ என்று வரும்போது திணறுவார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிதான் பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரையும் கூட்டிப் போகலாம், தமிழில் பேசட்டும். மூத்த பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், அதுவும் ஆங்கிலம்” என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். குழந்தையின் சொந்த மொழியில், முடியாத பட்சத்தில் சரியான விவரம் கிடைக்கும் வேறு முறையில், மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலம் போதாதது மட்டுமே காரணம் என்றால் குழந்தையைக் குறைபாடு உள்ளவர் என்று வகைப்படுத்தக் கூடாது. தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைப்பது குதிரைக்கொம்புதான். ஆனால் மதிப்பீட்டின்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

இன்னொரு பெற்றோரைக் கூட்டிப் போவது எளிது, இலவசம், ஆறுதல். அவர் வாயே திறக்காமல் குறிப்பு எழுதினாலே போதும். யார் எதைச் சொன்னார்கள் என்று பிறகு உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவர் நோட்டில் இருக்கும். ஆளைத் தேட நல்ல இடம் உங்கள் டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்விப் பெற்றோர் ஆலோசனைக் குழு. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும். எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்ற உள்ளூர் விவரம் எந்த லாயரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஓர் எச்சரிக்கை: “என் பையனுக்குத் தனி ஏட் (கூடவே இருக்கும் உதவியாளர்) வாங்கினேன், நீங்களும் அதையே கேளுங்க” என்பவரை உள்ளே கூட்டிப் போகாதீர்கள். இந்தச் சட்டமே ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் என்பதில்தான் நிற்கிறது. அடுத்த வீட்டுக் கதை அங்கே எடுபடாது, உங்கள் கோரிக்கையையும் அது பலவீனமாக்கும்.

அடுத்தது பெற்றோர் பயிற்சி மையம். ஐடியா சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்று கூட்டாட்சி நிதியில் இயங்குகிறது. நியூ ஜெர்சியில் ஸ்பான், மின்னசோட்டாவில் பேஸர், டெக்சாஸில் பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பேரன்ட்ஸ் ஹெல்பிங் பேரன்ட்ஸ் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். வேலை ஒன்றுதான். போனில் உங்கள் கதையைக் கேட்டு, எந்த விதி பொருந்தும், யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பலர் தாங்களே சிறப்புக் குழந்தையின் பெற்றோர் என்பதால் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. குறையும் உண்டு. உங்களுக்காகச் சண்டை போடுவது அவர்கள் வேலை இல்லை, நீங்கள் பேசக் கற்றுக்கொடுப்பதுதான். எல்லாக் கூட்டத்துக்கும் ஆள் அனுப்பவும் அவர்களால் முடியாது. கூட்டம் நாளைக் காலை என்றால் இன்று மாலை கூப்பிட்டுப் பயனில்லை. ஆனாலும் காசு செலவழிக்கும் முன் இந்த ஒரு போன் எல்லோரும் செய்ய வேண்டியது. பாதிப் பேருக்கு அதற்கு மேல் யாரும் தேவைப்படாமலே போகலாம்.

குறிப்பாக, எழுதிக் கொடுத்ததைப் பள்ளி செய்யவில்லை என்ற வகைத் தகராறுக்கு அந்த மையத்தின் உதவியே தாராளம். அக்டோபரில் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போகிறார், ஜனவரி வரை மாற்று ஆள் இல்லை, குழந்தைக்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இதில் வாதாட என்ன இருக்கிறது? ஐ.இ.பி.யில் உள்ள எண்ணையும் நடந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விட்டுப்போனதை ஈடுசெய்யக் கேட்டு எழுதுங்கள். அசையவில்லை என்றால் மாநிலக் கல்வித் துறைக்கு ஒரு புகார். கட்டணம் கிடையாது, லாயர் தேவையில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும், 60 நாளுக்குள் அவர்கள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். இவ்வளவு நல்ல வழி இருக்க, இதற்கே லாயருக்கு முன்பணம் கட்டியவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எழுதியதே போதாது என்னும்போதுதான் கட்டண அட்வகேட்டுக்கு வேலை வருகிறது. அட்வகேட் என்றதும் ஊரில் கறுப்புக் கோட்டுப் போட்டவர் நினைவுக்கு வரும். இவர் வக்கீல் அல்ல. பெரும்பாலும் ஓய்வுபெற்ற சிறப்பு ஆசிரியராகவோ, இந்தத் துறையில் பழுத்த ஒரு பெற்றோராகவோ இருப்பார். நல்ல அட்வகேட்டின் மதிப்பு கூட்டத்தில் அவர் போடும் சத்தத்தில் இல்லை, அதற்கு முன் அறிக்கைகளைப் படிப்பதில் இருக்கிறது. உதாரணமாக, உளவியல் அறிக்கையில் மொத்த நுண்ணறிவு எண் 97 என்று இருக்கிறது. சராசரி 100 என்பதால், “நார்மலாத்தானே இருக்கான்” என்று நாமும் நிம்மதியாகிவிடுவோம். உள்ளே போய்ப் பார்த்தால் மொழிப் புரிதல் 112, செயல்வேகம் 76. அந்த 76க்கு அர்த்தம், அதே வயதுப் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 5 பேர்தான் அவனைவிடக் கீழே இருக்கிறார்கள் என்பது. பதில் தெரிந்தும் நேரத்துக்குள் எழுதி முடிக்க முடியாத பிள்ளை அவன். மொத்த எண் அதை மூடி மறைத்துவிடுகிறது. இதை எடுத்துக் காட்டி, அதற்கேற்ற இலக்கும் கூடுதல் நேரமும் கேட்கத் தெரிந்தவர்தான் வாங்கும் காசுக்குத் தகுதியானவர்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தொழிலுக்கு உரிமம் என்று ஒன்று இல்லை. நாளைக்கே நானும் அட்டை அடித்துக்கொள்ளலாம். அதனால் அமர்த்தும் முன் கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள்? எங்கள் டிஸ்ட்ரிக்டில் முன்பு வேலை செய்திருக்கிறீர்களா? குழந்தையை வகுப்பில் வந்து பார்ப்பீர்களா? கூட்டத்துக்கு வராமல் ஆவணங்களை மட்டும் படித்துச் சொல்ல என்ன கட்டணம்? “நான் வந்தா அவங்க நடுங்குவாங்க” என்பவரையும், இது கண்டிப்பாகக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பவரையும் விட்டுவிடுங்கள். அவர் போன பிறகும் அதே ஆசிரியர்களோடு பல வருடம் நீங்கள்தான் பேசியாக வேண்டும். மேலே சொன்னவற்றில் கட்டணம் பற்றிய கடைசிக் கேள்வி முக்கியமானது. கூட்டத்துக்குக் கூடவே கூட்டிப் போவதைவிட, ஆவணங்களை இரண்டு மூன்று மணி நேரம் படிக்கவைத்து, கேள்விகளை எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே போய்ப் பேசுவது மலிவு. என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் பலன் தருவதும்.

மதிப்பீடே தவறு என்று தோன்றினால், அட்வகேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளி நிபுணரின் மதிப்பீட்டை டிஸ்ட்ரிக்ட் செலவில் கேட்கலாம். அவர்கள் ஒன்று பணம் கொடுக்க வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரியென்று நிரூபிக்கத் தாங்களே விசாரணைக்குப் போக வேண்டும். சும்மா முடியாது என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கோரிக்கையை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டியதும் அவர்கள் கடமை. “மறுப்பை எழுத்தில் தாருங்கள்” என்ற ஒரு வரியிலேயே சில மறுப்புகள் கரைந்துபோவதுண்டு.

மிச்சம் லாயர். இடம் பற்றிய தகராறு என்றால் தாமதிக்காமல் போகவேண்டியவர் இவர்தான். டிஸ்ட்ரிக்டுக்கு வெளியே தனியார் சிறப்புப் பள்ளி கேட்கிறீர்கள் என்றால் பெரும் பணம் சம்பந்தப்பட்டது. யாரும் அன்பாகக் கொடுத்துவிட மாட்டார்கள். பொறுமை இழந்து நீங்களே தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பிறகு செலவைக் கேட்கலாம் என்று நினைத்தால், அங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைசி ஐ.இ.பி. கூட்டத்திலோ, அல்லது பிள்ளையை எடுப்பதற்கு 10 வேலை நாள் முன்பு எழுத்திலோ, டிஸ்ட்ரிக்டின் திட்டத்தை ஏற்கவில்லை என்பதையும் அவர்கள் செலவில் தனியார் பள்ளியில் சேர்க்கப்போவதையும் தெரிவித்திருக்க வேண்டும். தவறினால் கிடைக்கவேண்டிய பணம் குறையலாம், இல்லாமலே போகலாம். நடத்தைக்காகப் பிள்ளையை 10 பள்ளி நாளுக்கு மேல் வெளியே நிறுத்தினாலும் லாயரை உடனே கூப்பிடுங்கள்.

செலவு மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர், அதற்கு முன்பணம் வேறு. விசாரணையில் ஜெயித்தால் லாயர் கட்டணத்தை டிஸ்ட்ரிக்டிடம் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் சாதாரண ஐ.இ.பி. கூட்டத்துக்கு அவர் வந்து உட்கார்ந்த நேரத்துக்கு அது பொருந்தாது. சாட்சி சொன்ன நிபுணரின் கட்டணமும் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி திரும்பி வராது. பெரும்பாலான வழக்குகள் தீர்ப்பு வரை போகாமல் நடுவிலேயே உடன்பாட்டில் முடிகின்றன. அந்த உடன்பாட்டில் யார் கட்டணத்தை யார் ஏற்பது என்பதும் பேரம்தான். நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு பலம் உண்டு. வழக்குப் போட்டவரே நிரூபிக்க வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்த மாநிலம் 2008இல் தனிச் சட்டம் போட்டு அந்தப் பொறுப்பை டிஸ்ட்ரிக்ட் தலையில் வைத்துவிட்டது. வழக்குப் போட இரண்டு வருடக் கெடு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் நியூவர்க்கில் உள்ள எஜுகேஷன் லா சென்டர், ரட்கர்ஸ் சட்டக் கல்லூரியின் இலவச உதவிப் பிரிவு, டிசெபிலிட்டி ரைட்ஸ் நியூ ஜெர்சி ஆகியவற்றை முதலில் கேட்டுப் பார்க்கலாம். ஐ.டி. சம்பளக் குடும்பங்களுக்கு வருமான வரம்பு இடிக்கும்.

லாயரைக் கூட்டத்துக்கே கூட்டிப் போவதில் எனக்கு உடன்பாடு குறைவு. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் டிஸ்ட்ரிக்ட் தன் லாயரைக் கொண்டுவரும், கூட்டம் தள்ளிப்போகும், நேற்றுவரை சிரித்துப் பேசிய டீச்சர் எழுதி வைத்ததை மட்டும் வாசிப்பார். ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கட்டி, உங்கள் பக்கம் எவ்வளவு வலு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது வேறு. அதை நான் யாருக்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. டிஸ்ட்ரிக்ட் ஓர் உடன்பாட்டுக் காகிதத்தை நீட்டினால், அதில் கையெழுத்திடும் முன் லாயர் ஒருவர் படித்தே ஆகவேண்டும். எதிர்கால உரிமைகளை விட்டுக்கொடுக்கும் வரிகள் அதில்தான் இருக்கும்.

அடுத்த வாரமே கூட்டம் என்பவர்கள் இன்றே கேஸ் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வரைவு ஐ.இ.பி.யை முன்கூட்டியே கேளுங்கள், யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேளுங்கள், நீங்கள் அழைத்து வருபவரின் பெயரைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அதையும் எழுதுங்கள். மதிப்பீட்டு அறிக்கை இன்னும் வரவில்லை என்றால், கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல அதுவே போதுமான காரணம்.